பேக்கிங் பவுடர் இல்லாத ஸ்பாஞ்ச் கேக்: ஏழாவதுதான் எழுந்தது

ஏழாவது கேக்கைக் கவிழ்த்து அளந்தபோது நடுவில் 4.7 செ.மீ., ஓரத்தில் 4.5 செ.மீ. உயரம் இருந்தது. விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே வந்துவிட்டது. வெட்டிய பக்கத்தில் ஊசிமுனை அளவு துளைகள் மட்டுமே. மாவுத் திட்டு இல்லை, அடியில் ரப்பர் போன்ற படிவும் இல்லை. உள்ளே போனது முட்டை, சர்க்கரை, மாவு, கொஞ்சம் வெண்ணெய். பேக்கிங் பவுடரோ சோடாவோ ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை.

அதற்கு முன்னால் ஆறு கேக்குகள் கெட்டன, அல்லது அரைகுறையாக வந்தன. மொத்தக் கணக்கு: 28 முட்டை, ஏறத்தாழ 840 கிராம் சர்க்கரை, அதே அளவு மாவு, 60 கிராம் வெண்ணெய். ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தால் கெட்டதால் வரிசை மாறாமல் எழுதுவதில் பயன் உண்டு.

அளவு எல்லாத் தடவையும் ஒன்றுதான். ஓடு நீக்கிய முட்டை 200 கிராம், சர்க்கரை 120 கிராம், மாவு 120 கிராம். ‘நான்கு முட்டை’ என்று எண்ணிப் போடுவது இந்தக் கேக்குக்குச் சரிப்படாது. ஒரே அட்டையிலிருந்து எடுத்த நான்கு முட்டைகள் ஒருநாள் 188 கிராம் இருந்தன, இன்னொரு நாள் 214. அதனால் முட்டையை உடைத்து எடை போட்டு, 5:3:3 என்ற விகிதத்தில் மற்றவற்றைக் கூட்டிக் குறைப்பது நல்லது. மாவு என்பது 100 கிராம் மைதாவும் 20 கிராம் சோளமாவும் (கார்ன்ஃப்ளோர்) சேர்ந்தது. உப்பு ஒரு சிட்டிகை. முட்டை வாடை பிடிக்காதவர்களுக்காக அரை எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் துருவிச் சேர்த்தது. வெனிலாவை விட இது நன்றாக வேலை செய்தது.

கருவிகள்: 20 செ.மீ. விட்டமும் 7 செ.மீ. உயரமும் உள்ள வட்ட டின், ஐந்து வேகம் உள்ள கை பீட்டர், அகலமான எவர்சில்வர் பாத்திரம், சிலிக்கான் கரண்டி, 1 கிராம் வரை காட்டும் தராசு, ஊசி வெப்பமானி, பல் வைத்த ரொட்டிக் கத்தி. இவற்றோடு கடைசிவரை கூடவே இருந்தது ஒரு 100 மி.லி. சின்னக் கிண்ணம். அது எதற்கு என்பது கீழே வரும். ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி மூன்றாவது கேக்குக்குப் பிறகுதான் வந்தது. முதல் நாளே வந்திருக்க வேண்டியது.

முதல் கேக்கைக் கம்பி விஸ்க்கால் கையாலேயே அடித்தது. முட்டை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக வந்தது, அடித்தது 12 நிமிடம். நுரை வெளுத்து, பொங்கியது போலத்தான் தெரிந்தது. மாவு சேர்த்ததும் பொசுக்கென்று இறங்கிவிட்டது. வெந்து வந்தது 2.5 செ.மீ. தடிமன் உள்ள ஒரு வட்டத் தட்டு. சுவை மோசமில்லை, ஆனால் மெல்லுவதற்குத் தாடை வலிக்கும். பேக்கிங் பவுடரை ஆல்ஃபிரட் பேர்ட் 1843இல் உருவாக்குவதற்கு முந்தைய காலத்து ஸ்பாஞ்ச் குறிப்புகள் முட்டையை ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்லும். மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று நினைப்பது தவறு. குளிர்ந்த முட்டையோடு கையால் அடித்தால் அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

இந்த இடத்தில்தான் சின்னக் கிண்ணம் வேலைக்கு வந்தது. ‘வெளுக்கும் வரை’, ‘மூன்று மடங்காகும் வரை’ என்பதெல்லாம் கண் ஏமாறும் அளவுகள். கிண்ணத்தில் நுரையைத் தட்டாமல் நிரப்பி, மேலே வழித்துச் சமன் செய்து எடை போட்டால் உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பது எண்ணாகத் தெரிந்துவிடும். முதல் கேக்கின் நுரை 100 மி.லி.க்கு 48 கிராம். நன்றாக அடித்த நுரை 25 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதாவது தேவையான காற்றில் பாதிகூட அதில் இல்லை. எடை பார்த்த நுரையைப் பாத்திரத்திலேயே திரும்பக் கொட்டிவிடலாம். நட்டம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது தடவை முட்டையையும் சர்க்கரையையும் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, விடாமல் கிளறியபடி 42 டிகிரிக்குக் கொண்டுவந்தது. கீழே உள்ள தண்ணீர் கொதிக்கக் கூடாது, மேல் பாத்திரத்தின் அடியையும் தொடக் கூடாது. 60 டிகிரியைத் தாண்டினால் வெள்ளைக்கரு ஓரத்தில் நூல் நூலாக வெந்துவிடும். வெப்பமானி இல்லையென்றால் விரலை விட்டுப் பார்க்கலாம்: குளிக்கும் வெந்நீரை விடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடு தெரிந்தால் இறக்கிவிட வேண்டியதுதான். சூடான முட்டை நீர்த்துப்போய் எளிதாகக் காற்றை வாங்கும், சர்க்கரையும் முழுக்கக் கரைந்துவிடும். சர்க்கரையை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு நுணுக்கிக்கொள்வது முக்கியம். பெரிய பரலாகவே போட்டால் கரையாமல் நின்று, வெந்த கேக்கின் மேல் தோலில் பிசுபிசுப்பான பழுப்புப் புள்ளிகளாக வரும்.

பீட்டரில் முழு வேகத்தில் 8 நிமிடம் அடித்ததில் கிண்ணத்து எடை 26 கிராமுக்கு வந்தது. பீட்டரைத் தூக்கினால் நுரை நாடா போல இறங்கி, மேலே விழுந்த கோடு பத்து விநாடி அழியாமல் நின்றது. ரிப்பன் பதம் என்பது இதுதான். கோடு மூன்று விநாடியில் மறைந்தால் இன்னும் அடிக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல நுரையைக் கெடுத்தது அடுத்த இரண்டு நிமிடம். மாவு 120 கிராமையும் ஒரே தடவையில் கொட்டியதும் அது நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அதை மேலே கொண்டுவர நூறு சுற்றுக்கு மேல் கிளற வேண்டியதாயிற்று. கடைசியில் மாவுக் கலவையின் எடை 100 மி.லி.க்கு 58 கிராம். கேக் 3.4 செ.மீ. உயர்ந்தது, வெட்டினால் உள்ளே பட்டாணி அளவில் ஏழெட்டு உலர்ந்த மாவு உருண்டைகள்.

மாவு சேர்க்கும் விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கேக்குகள் இங்கேதான் சாகின்றன. மாவை முன்பே ஒருமுறை சலித்து வைத்துக்கொண்டு, பிறகு நுரையின் மேலேயே மூன்று பங்காகச் சலிக்க வேண்டும். சல்லடையை ஒரே இடத்தில் பிடிக்காமல் பரப்பெங்கும் மெல்லிய போர்வையாக விழும்படி ஆட்டுவது நல்லது. கரண்டி போகும் வழி இப்படி: பாத்திரத்தின் வாயைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 2 இருக்கும் இடத்தில் கரண்டியின் விளிம்பைச் செங்குத்தாக இறக்கி, நடுவை வெட்டிக்கொண்டு, அடியைத் தடவியபடியே 8 இருக்கும் இடம்வரை வந்து, அங்கிருந்து சுவரோடு மேலே ஏற்றி, எடுத்ததை நடுவில் கவிழ்க்க வேண்டும். அதே நேரத்தில் இடது கை பாத்திரத்தைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பும். ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி. பயந்து பயந்து மெதுவாகச் செய்வதும் கெடுதல்தான். மாவு நனைவதற்குள் அடிக்குப் போய்விடும். முதல் இரண்டு பங்குகளுக்கும் 10 சுற்று வீதம், கடைசிப் பங்குக்கு 20. வெள்ளைத் தூள் கண்ணில் படாமல் போன பிறகும் ஐந்தாறு சுற்று கூடுதலாகப் போவது தவறில்லை, கலவை பளபளப்பாகி துளைகள் சீராகும். இருபது கூடுதலாகப் போனால் இறங்கிவிடும். மூன்றாவது கேக்கில் இப்படிக் கலந்தபோது மொத்தம் 45 சுற்று, எடை 42 கிராம்.

பீட்டரின் கம்பியாலேயே கலந்து பார்க்கலாமா என்ற சபலம் எல்லோருக்கும் வரும். மிகக் குறைந்த வேகம்கூட இதற்கு அதிகம்.

இத்தனை சரியாக வந்த மூன்றாவது கேக்கை ஓவன் கெடுத்தது. குமிழை 180இல் வைத்து, 15 நிமிடம் சூடாக்கி, டின்னை வைத்தது. 18ஆவது நிமிடத்திலேயே மேல்பக்கம் அடர் பழுப்பாகி நடுவில் வெடித்தது. 22ஆவது நிமிடத்தில் கதவைத் திறந்து பார்த்ததும் நடு ஒரு செ.மீ. இறங்கிப்போனது. வெட்டினால் வெளியே மொறுமொறுப்பு, நடுவில் ஈரக் களி. பிறகு ஓவனுக்குள் தனி வெப்பமானியை வைத்துப் பார்த்தால், குமிழ் 180 என்று சொல்லும்போது உள்ளே 205. போதாததற்கு கம்பி சிவந்து அணைகிற ஒவ்வொரு தடவையும் 15 டிகிரி மேலும் கீழுமாக ஆடுகிறது. குமிழை 150க்குக் கொஞ்சம் மேலே வைத்தால்தான் உண்மையான 170 டிகிரி கிடைத்தது. வீட்டு ஓவன்களில் குமிழில் எழுதியிருப்பதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். அரை மணி நேரம் செலவழித்து நான்கு குமிழ் நிலைகளுக்கு உள்வெப்பம் என்ன என்று குறித்து ஓவன் பக்கவாட்டில் ஒட்டிவைத்தால் அதன்பிறகு எந்தக் கேக்குக்கும் உதவும்.

நான்காவதை 170 டிகிரியில், நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வைத்து, 30 நிமிடம் கதவையே தொடாமல் வேகவிட்டது. ஓவனில் இருந்தவரை அழகாக இருந்தது. டின்னிலேயே ஆறவிட்ட அரை மணி நேரத்தில் சுவரை விட்டு விலகி, நடு உடம்பில் இடுப்புப் போல உள்ளே ஒடுங்கி, மேல்தோல் சுருங்கிவிட்டது. வெந்தபோது 5 செ.மீ.க்கு மேல் இருந்தது ஆறியதும் 4.1. துளைகளும் சீராக இல்லை. அங்கங்கே மிளகு அளவு ஓட்டைகள்.

இதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, டின்னின் சுவருக்குத் தாராளமாக வெண்ணெய் தடவியது. ஏறும் மாவுக்குப் பிடிமானம் வேண்டும்; வழவழப்பான சுவரில் ஏறிய கேக் ஆறும்போது வழுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டு, டின்னிலேயே ஆறவிட்டதால் நீராவி உள்ளேயே அடைபட்டு ஓரங்கள் ஈரமாயின. மூன்றாவது, நுரையை முழு வேகத்தில் அடித்து அப்படியே நிறுத்தியது. முழு வேகத்தில் பெரிய குமிழிகளும் உருவாகும். அவை நிலைக்காது. சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து ஓட்டையாகும்.

ஐந்தாவதில் இந்த மூன்றையும் மாற்றியது. முழு வேகத்தில் 7 நிமிடம், பிறகு மிகக் குறைந்த வேகத்தில் 3 நிமிடம். அந்த மூன்று நிமிடமும் பீட்டரைச் சுற்றாமல் ஓரிடத்தில் 20 விநாடி வைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்த இடத்தில் 20 விநாடி. பெரிய குமிழிகள் உடைந்து, நுரை ஷேவிங் க்ரீம் போல மிருதுவாகிறது. எடை 24இலிருந்து 26க்கு ஏறும். அந்த இரண்டு கிராம் நட்டம் தாங்கக்கூடியது. டின்னின் அடிக்கு மட்டும் பட்டர் பேப்பர், சுவருக்கு ஒன்றும் இல்லை. ஊற்றியதும் ஒரு பல்குத்தும் குச்சியால் மேலாக ஒரு சுழி இழுத்து, டின்னை மேசையில் ஒரே ஒரு தடவை லேசாகத் தட்டி, உடனே ஓவனுக்குள். கலந்து முடித்த பிறகு இரண்டு நிமிடம்கூடக் காத்திருக்க விடக் கூடாது. ஓவன் சூடாகாமல் மாவைக் கலக்கத் தொடங்குவது வீண் வேலை.

வெந்ததா என்று பார்க்க 28ஆவது நிமிடத்துக்கு முன் திறக்க வேண்டாம். குச்சியில் ஒட்டாமல் வருவது ஒரு அடையாளம்தான்; நடுவை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் ‘சரசர’வென நுரை உடையும் ஓசை கேட்டால் இன்னும் வேகவில்லை. ஊசி வெப்பமானி இருந்தால் நடுவில் 96 முதல் 98 டிகிரி. இந்தக் கேக்குக்கு 31 நிமிடம் பிடித்தது.

எடுத்தவுடன், சூடாக இருக்கும்போதே, மடித்த துண்டை விரித்த மேசையில் டின்னை 15 செ.மீ. உயரத்திலிருந்து நேராகப் போட வேண்டும். முதல் தடவை மனசு வராது. குமிழிகளுக்குள் இருப்பது சூடான நீராவி; ஆறும்போது அது சுருங்கிச் சுவர்களை உள்ளே இழுக்கும். இந்த ஒரு அதிர்ச்சியில் நீராவி கொஞ்சம் வெளியேறி வெளிக்காற்று உள்ளே போகிறது. பிறகு கம்பி வலைமேல் தலைகீழாகக் கவிழ்த்து, டின்னோடு பத்து நிமிடம். சுவரைப் பிடித்திருப்பதால் கேக் விழாது. அதன்பின் மெல்லிய கத்தியைச் சுவரோடு ஒட்டி ஒரே ஓட்டமாகச் சுற்றி விடுவித்து, நிமிர்த்தி ஆறவிடலாம். கத்தியை ரம்பம் போல மேலும் கீழும் அறுத்தால் பக்கம் பிய்ந்துவிடும்.

ஆறியதும் 4.9 செ.மீ. சுருக்கம் இல்லை. ஆனால் மறுநாள் மாலைக்குள் வறண்டுவிட்டது. கொழுப்பு சேர்க்காத ஸ்பாஞ்சின் குணமே அது. செய்த அன்றே சாப்பிட்டு முடிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நின்றுகொள்ளலாம். லேசான கேக் வேண்டுமென்றால் இதை மிஞ்சியது இல்லை.

வெண்ணெய் சேர்த்த ஆறாவது கேக் மறுபடி ஒரு தோல்வி. 30 கிராம் வெண்ணெயை முதலிலேயே உருக்கி ஓரமாக வைத்திருந்தது. சேர்க்கும்போது அறைச் சூட்டுக்கு வந்து கெட்டியாகத் தொடங்கியிருந்தது. நேராக மாவின் மேல் ஊற்றியதும் கனமாக அடிக்கு இறங்கிவிட்டது. வெந்த கேக்கின் அடியில் அரை செ.மீ. தடிமனில் மஞ்சளான, இழுத்தால் நீளும் ஒரு படிவு. மேலே உள்ள பகுதி மட்டும் நன்றாக இருந்தது.

ஏழாவதில் வெண்ணெயை வெந்நீரில் உட்காரவைத்து 55 டிகிரியில் வைத்திருந்தது. மாவு கலந்து முடித்ததும் இரண்டு பெரிய கரண்டி கலவையை எடுத்து அந்த வெண்ணெயில் போட்டு, தயக்கமில்லாமல் நன்றாகக் கலக்கியது. இந்த இரண்டு கரண்டியின் நுரை பலியாவது தெரிந்தே செய்வது. வெண்ணெய் இப்போது மாவின் கனத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் அடிக்கு ஓடாது. அதைக் கரண்டியின் முதுகில் வழியவிட்டு மேற்பரப்பில் பரப்பி, 15 சுற்றில் கலந்து முடித்தது. எடை 45 கிராம். வெண்ணெய் இல்லாததை விட 2 மி.மீ. குட்டை, ஈரப்பதமோ இரண்டு நாள் தாங்கியது.

ஆறிய கேக்கை உடனே வெட்டினால் தூள் தூளாக உதிரும். இளஞ்சூடாக இருக்கும்போதே உறையில் சுற்றி மூடி வைத்து, குறைந்தது மூன்று மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு விட வேண்டும். ஓரத்து மொறுமொறுப்புக்கு நடுவின் ஈரம் பரவி, கேக் முழுக்க ஒரே பதத்துக்கு வந்துவிடும். இரண்டாகக் கிடைமட்டமாக வெட்ட, பக்கத்தில் சுற்றிலும் ஆறு பல்குத்தும் குச்சிகளை 2.3 செ.மீ. உயரத்தில் குத்தி, அவற்றின் மேல் கத்தியைப் படியவைத்து, கேக்கைத் திருப்பித் திருப்பி அறுப்பது எளிது.

நடுவில் வைக்க ஜாம் 80 கிராம் போதும். லேசாகச் சூடாக்கித் தளர்த்தினால் கேக்கைக் கிழிக்காமல் பரவும். க்ரீம் வேண்டுமென்றால் 150 கிராமை 12 கிராம் சர்க்கரையோடு, நுனி வளைந்து விழும் பதத்தில் நிறுத்தி அடிக்க வேண்டும். இரண்டு நாள் ஆன கேக்குக்கு, 40 கிராம் தண்ணீரில் 20 கிராம் சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டு ஆறவைத்த பாகை வெட்டிய முகங்களில் பிரஷ்ஷால் தடவினால் உயிர் வந்துவிடும். செய்த மறுநாள் கேக்குக்கு இது எதுவுமே வேண்டாம். விரல் தடிமனில் ஒரு துண்டு, பால் குறைந்த தேநீர், அவ்வளவுதான். தேநீரில் முக்கினால் மூன்று விநாடிக்குள் வாய்க்குப் போய்விட வேண்டும். இல்லையென்றால் பாதி கோப்பையில் தங்கிவிடும்.

கெட்டுப்போனவையும் வீணாகவில்லை. முதல் இரண்டு கேக்குகளையும் ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 110 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, பாதியில் ஒருமுறை புரட்டிப் போட்டதில் நல்ல மொறுமொறுப்பான ரஸ்க் கிடைத்தது. அந்த 2.5 செ.மீ. தட்டு ரஸ்க்காக மாறிய பிறகு ஏழாவது கேக்கை விட வேகமாகத் தீர்ந்தது.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை சில உண்டு. 20 செ.மீ. டின்னுக்குப் பதில் 18 செ.மீ., முட்டை 150 கிராம், சர்க்கரையும் மாவும் 90 கிராம் வீதம், வெண்ணெய் 22. கை பீட்டருக்கு இந்த அளவு இன்னும் இலகுவாக இருக்கும், வேகும் நேரம் 26ஆவது நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும். சர்க்கரையில் கால் பங்கைக் குறைக்கும் எண்ணம் பாதியில் வந்து, கைவிடப்பட்டது. நுரையைத் தாங்குவதே சர்க்கரைதான், குறைத்தால் ரிப்பன் சீக்கிரம் அறுந்துவிடும். இனிப்பு குறைய வேண்டுமென்றால் ஜாமில் குறைத்துக்கொள்ளலாம். சல்லடையின் கண்ணும் கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும்: இப்போது இருப்பதில் 120 கிராம் மாவு இறங்க ஒன்றரை நிமிடம் ஆகிறது, அதற்குள் நுரையின் மேல்பரப்பு காய்ந்து மங்கத் தொடங்குகிறது.